உடையவரைக் கேண்மின்

‘அதனை உடையவரைக் கேளுங்கள்’ என்பது ஒரு மோட்டார் வண்டிக்கு அமெரிக்க நாட்டில் ஐம்பதாண்டுகட்கு மேலாக வழங்கிய விளம்பர வாக்கியமாகும். அவ்வண்டியின் பெயர் பாக்கார்டு. செல்வரும் அரசியற்றலைவரும் விரும்பி ஏறிய ஊர்தியாய்ப் பெரும்புகழ் படைத்த இப்பெயர் 1958-ஆம் ஆண்டோடு சந்தையினின்றும் மறைந்தது. அதன் வீழ்ச்சிக்குப் பலரும் கூறுங் காரணம், செல்வர்க்கென்றே அமைந்த வண்டியை நடுத்தர மக்கட்கும் குறைந்த விலைக்கு விற்கத் தலைப்பட்டமையால் அதன் பெருமை குன்றிற்று என்பதே. இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. மெய்யாய காரணம் மேற்காட்டிய விளம்பர வாக்கியத்தினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றதென்பது எமது துணிபு. தேரையும் பரியையும் விரித்துப் பாடிய புலவர்தம் நூல்களை ஓதும் எமக்கு, ஊர்தியொன்றைக் குறித்து இத்துணை பேசும் உரிமை உண்டென்றே நம்புகின்றோம்.

ஒகையோ மாகாணத்து வாரன் என்னும் ஊரில் மின்விளக்குத் தொழில் நடத்திவந்த உடன்பிறந்தார் இருவர், வில்லியம் டௌட் பாக்கார்டும் ஜேம்ஸ் வார்டு பாக்கார்டும் ஆவர். இளையவராகிய ஜேம்ஸ் வார்டு 1898-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் வின்டன் என்பார் செய்த மோட்டார் வண்டியொன்றை வாங்கினார். அவ்வண்டி அவர்க்குத் தந்த தொல்லை சிறிதன்று. குறைகளை எடுத்துக்கூறி இன்னின்னவாறு திருத்தலாமென்று அவர் சொன்னபொழுது, வின்டன் சினந்து, ‘அத்துணை வல்லவராயின் நீரே ஒன்று செய்துகொள்ளும்’ என்னுங் கருத்துப்பட விடையிறுத்தாரென்று வழிவழியாகக் கூறுவர். சொல் இன்னதாயினும் ஆகுக. 1899-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் முதற் பாக்கார்டு வண்டி வாரன் நகர வீதியில் ஓடியது மெய். ஆகவே, வண்டியொன்றை வாங்கி வருந்திய ஓர் உடையவரின் மனக்குறையிலிருந்தே இக்கம்பெனி பிறந்ததென்க. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால் இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

விளம்பர வாக்கியம் பிறந்த வரலாறும் இதனோடொட்டியதே. வண்டியின் சிறப்பைக் கூறும் அச்சுத்தாள் அனுப்புமாறு ஒருவர் எழுதிக் கேட்டனராம். அத்தகைய தாள் ஒன்றும் அந்நாளிற் கம்பெனியில் இல்லை. ‘வண்டி வைத்திருப்பவரைக் கேட்குமாறு அவர்க்கு எழுதிவிடுக’ என்று ஜேம்ஸ் வார்டு தம் எழுத்தரிடம் கூறினர். 1901-ஆம் ஆண்டு முதல் அதுவே விளம்பரமாயிற்று. நாத்தான்வேலின் ஐயத்திற்குப் பிலிப்பு வாதம் புரியாது நேரிற் கண்டறிய அழைத்தமை திருமறை பயின்றார் அறிவர். வணிகத்தில் அம்முறையைக் கையாள்வார் மிகச் சிலர். தன்னைத் தானே புகழ்வது எவர்க்கும் எளிது. தன் புகழைப் பிறர் நாவிற் கையடையாக வைப்பதற்கோ மிக்க துணிவு வேண்டும். அந்நா பொய்யாதாகலின், நன்மையைச் சொல்வதுபோலவே தீமையையுஞ் சொல்லும்.

1903-ஆம் ஆண்டில் ஹென்றி ஜாய் முதலிய டெட்ராயிட் செல்வர் பொருளீந்து கம்பெனியைத் தம் நகர்க்குக் கொணர்ந்தனர். ஆல்பர்ட் கான் என்னுஞ் சிற்பியார் அங்கே வகுத்த தொழிற்சாலையில், 1905-இல் எழுந்த பத்தாம் கட்டடம் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் அமைந்து பிற்றை நாட் கட்டடங்கட்கு வழிகாட்டியாயிற்று. அவ்வாண்டு 1903-இலேயே டாம் பெட்ச் என்பார் ஒற்றைச் சிலிண்டர்ப் பாக்கார்டில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 61 நாளிற் சென்று சேர்ந்தனர். பாதையென ஒன்றில்லாத மலையும் மணலும் கடந்த செலவு அது. மணற்பாங்கில் சக்கரம் புதையாதிருக்கக் கித்தான் துணியை விரித்து அதன்மேல் வண்டியைச் செலுத்தினராம். ஆயினும் ஓருண்மையை மறையாது கூறல் வேண்டும். அக்கோடையில் அவர்க்குச் சின்னாள் முன்னரே ஜாக்ஸன் என்னும் மருத்துவர் 63 நாளில் அந்நாட்டைக் கடந்து முதன்மை எய்திவிட்டனர். அவர் ஏறிச் சென்றது, பாக்கார்டு குறைகூறிய அவ்வின்டன் வண்டியே!

1915-ஆம் ஆண்டில் பன்னிரண்டு சிலிண்டர் பூண்ட என்ஜினொடு ‘இரட்டை ஆறு’ என்னும் வண்டி வெளிவந்தது. 1921-இல் குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்கச் சென்ற வாரன் ஹார்டிங் ஏறிச் சென்றது இத்தகைய பாக்கார்டே. அவ்விழாவிற்கு மோட்டாரிற் சென்ற முதற் றலைவர் அவர்தாம். 1923-இல் எட்டுச் சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் நீண்ட என்ஜின் வந்தது. அது சுழலும் மென்மையே உடையவர் பெரிதும் வியந்து கூறும் பொருளாயிற்று. அக்காலத்து வண்டிகளில் மூட்டுத்தோறும் கையால் எண்ணெய் இடல் வேண்டும். பாக்கார்டில் ஓட்டுநர் நாடோறும் ஒரு பிடியை இழுத்துவிட்டால், குழாய் வழியே எண்ணெய் பரந்து மூட்டுக்களை நனைக்கும். நுகத்தடியின் வளைவு போன்ற முகப்பும், சக்கரக் குடத்திற் செந்நிற அறுகோணமும் ஆண்டுதோறும் மாறாமையின், தொலைவில் வரும்பொழுதே இன்ன வண்டியென்று சிறுவருங் கூறுவர். ஆண்டுக்கொரு கோலம் புனையும் இந்நாளை வண்டிகளில் இம்மாறாமையைக் காண்டல் அரிது.

1929-ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சி செல்வர் வண்டிகட்குக் கூற்றமாய் வந்தது. பீர்லெஸ் 1931-இல் மறைந்தது. டூஸன்பெர்க் 1937-இலும், பாக்கார்டுக்கு ஒத்த நிலையிலிருந்த பியர்ஸ்-ஆரோ 1938-இலும் மாண்டன. பியர்ஸ்-ஆரோவார் மலிவான வண்டி செய்து தம் பெருமையைக் குறைத்துக்கொண்டாரல்லர், பெருமையோடே இறந்தனர். பாக்கார்டு கம்பெனியாரோ 1935-இல் ‘நூற்றிருபது’ என்னும் வண்டியை ஏறத்தாழ ஆயிரம் டாலர் விலைக்கு வெளியிட்டனர். ஆசிரியரும் சிறு வணிகரும் கைநீட்டக்கூடிய விலை அது. 1937-ஆம் ஆண்டிற் கம்பெனி செய்த வண்டிகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டன.

இதனையே பிழையென்பர். காடிலாக் கம்பெனியார் 1927-இற் குறைந்த விலை வண்டி செய்தபொழுது அதற்கு ‘லா ஸால்’ என வேறு பெயரிட்டுத் தம் பெயரைக் காத்துக்கொண்டனரென்றும், பாக்கார்டோ தன் பெயரையே விற்றுவிட்டதென்றும் அவர் வாதிப்பர். யாம் கேட்பது இதுவே: நூற்றிருபது இழிந்த வண்டியா? முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்பும், எண்ணெயழுத்தத்தால் இயங்கும் தடையும் அதிற்றான் முதலிற் பூட்டப்பட்டன. அதனின் மும்மடங்கு விலைக்கு விற்ற பன்னிரண்டு சிலிண்டர் வண்டி அவற்றை 1937-இலேயே பெற்றது. பொருளிற் குறையாதவிடத்துப் பெயரைப் பலர்க்கும் பகிர்ந்தளித்தல் பெயரை விற்பதாகாது. புலவர்க்கேயுரிய நூற்பொருளை எளிய உரைநடையில் எழுதினால் தமிழின் மதிப்புக் குன்றுமென்று அஞ்சுவார் நம்மிடையேயும் உளர். அவ்வச்சமும் இவ்வாதமும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள். நூல் எளிதாயிருத்தல் குற்றமன்று, பொய்யாயிருத்தலே குற்றம்.

இவ்விடத்து ஒரு வேடிக்கையையுங் கூறுதும். வண்டியினுட் காற்றைக் குளிர்விக்கும் பொறியைத் தொழிற்சாலையிலேயே பூட்டித் தந்த முதல் வண்டி 1940-ஆம் ஆண்டுப் பாக்கார்டேயாம். அப்பொறி பின்புறப் பெட்டியிற் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. குளிர் மிகுந்து நடுங்கினால் அதனை நிறுத்த விசையொன்றும் இல்லை. ஓட்டுநர் இறங்கி, என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, வாரைக் கழற்றல் வேண்டும்! பட்டாடை உடுத்த சீமான் நடுவழியில் வார் கழற்றும் காட்சியை நேயர் எண்ணிப் பார்ப்பாராக. இத்தகைய குறையை உடையவர் நகைத்துப் பொறுத்தனர். புதுமை முயல்வான் இடறுதல் இயல்பன்றோ?

பொறுக்கலாகாத குறைகள் போருக்குப் பின்னரே வந்தன. போர்க்காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியாரின் மெர்லின் விமான என்ஜின்களை 55,000-க்கு மேற்படச் செய்து தந்த கைத்திறன் பாக்கார்டுக்குரியது. போர் முடிந்தபின் வண்டிக்கு ஏங்கியிருந்த மக்கள் எதனைத் தரினும் வாங்கினர். அந்நற்காலமே தீங்காயிற்று. 1948-இல் வந்த பருத்த உருவத்தை மக்கள் எள்ளி நகைத்தனர். விலையுயர்ந்த வண்டியும் விலைகுறைந்த வண்டியும் ஒன்றுபோலவே தோன்றின. காடிலாக் 1949-இல் வால்வுகள் மேலமைந்த புதிய எட்டுச் சிலிண்டர் என்ஜினை வெளியிட, பாக்கார்டு அதற்கு ஈடுகொடுக்க ஆறாண்டு தாழ்த்தது. இதற்கிடையில், பாக்கார்டுக்கு உடற்கூடு செய்து தந்த பிரிக்ஸ் கம்பெனியை 1953-இல் கிரைஸ்லர் வாங்கிவிடவே, வண்டி பூட்டும் வேலை முழுவதையும் கானர் வீதியிலுள்ள இடுங்கிய தொழிற்சாலைக்கு மாற்றும்படி நேர்ந்தது. தலைவராயிருந்த ஜேம்ஸ் நான்ஸ் 1954-இல் ஸ்டூடிபேக்கரோடு கம்பெனியை இணைத்தார். அதனால் வந்தது கடனேயன்றி வலிமையன்று.

1955-ஆம் ஆண்டு வண்டியை யாம் இகழ்கின்றோமல்லோம். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீண்ட முறுக்குத் தண்டுகளாற் பிணைத்து, சுமைக்கேற்ப உடலைச் சமன்செய்ய மின்மோட்டார் வைத்த அதன் அமைப்பு பிறரெவரும் செய்யாதது. குண்டுங் குழியுமான வழியிலும் மிதந்து செல்வது போன்றிருந்ததென உடையவர் கூறினர். ஆயின் அவரே பிறவுங் கூறினர்: கதவுகள் சரிவரப் பொருந்தவில்லை, தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி புதிய என்ஜினின் வலிமையைத் தாங்காது பழுதுற்றது, 1956-இற் சேர்த்த மின் பொத்தான்கள் வேண்டிய பொழுது பணியாற்ற மறுத்தன. வாங்க நினைத்தோர் விளம்பரஞ் சொன்னபடியே உடையவரைக் கேட்டனர். உடையவரும் உள்ளதையே உரைத்தனர். 1956-ஆம் ஆண்டு விற்பனை முன்னாண்டினும் ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டெட்ராயிட்டிற் பாக்கார்டு செய்தல் நின்றுபோயிற்று. அடுத்த ஈராண்டும் இந்தியானா மாகாணத்தில் ஸ்டூடிபேக்கர் வண்டிகட்குப் பாக்கார்டின் பெயர்த்தகட்டை அறைந்து விற்றனர். பெயரை விற்றது எப்பொழுது என்று கேட்பார்க்கு, எமது விடை 1935 அன்று, 1957.

தன் பிறப்புக்குக் காரணமாயிருந்த மனக்குறையையே இறுதியில் தன் வண்டியை வாங்கியவர்க்கும் அக்கம்பெனி ஈந்தது. வின்டன் செவிசாய்த்திருந்தால் பாக்கார்டு தோன்றியிராது. 1948-க்குப் பின்னர்ப் பாக்கார்டார் செவிசாய்த்திருந்தால் காடிலாக்கிற்கு நிகராய் இன்றும் நின்றிருக்கக்கூடுமென்று கருதுதல் மிகையாகாது. பெருங் கம்பெனிகளின் பொருள்வலிக்கு முன் தனிநின்ற சிறு கம்பெனி பிழைத்தல் அரிதென்பாரை யாம் முற்றும் மறுக்கவில்லை. ஆயின் பொருள்வலி மெலிந்தார்க்கு எஞ்சிய ஒரே காவல் உடையவரின் நல்வாக்காயிருக்க, அதனையன்றோ முதலில் இழந்தனர்!

டெட்ராயிட்டின் பெருந்தொழிற்சாலை நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 2022-ஆம் ஆண்டிலிருந்து இடிக்கப்பட்டது. வண்டிகளோ இன்றும் பல நாட்டில் உடையவர் கையில் ஓடுகின்றன. ஆறு வோல்ட் மின்கலம் காலைக்குளிரில் என்ஜினைச் சோம்பலாய்ச் சுழற்றுமென்றும், வெயிலிற் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடுமென்றும், ஓடத்தொடங்கிய பின் ஓசையே எழாதென்றும் அவர் கூறுவர். ஜேம்ஸ் வார்டு தாம் பயின்ற லீஹை பல்கலைக்கழகத்திற்கு எந்திரவியல் ஆய்வுக்கூடம் கட்டப் பத்து லட்சம் டாலர் ஈந்து, 1928-இற் காலமானார். 1899-இல் ஓடிய முதல் வண்டியையும் அவர் அக்கல்லூரிக்கே கொடுத்திருந்தார். அது இன்றும் அவ்வாய்வுக்கூடத்தின் முன்மண்டபத்தில், மாணவர் நாடோறும் கடந்து செல்லும் இடத்தில் நிற்கின்றது.