லைட்டை அணைச்சா வியாதி போயிடுமா?

மொதல்லயே சொல்லிடறேன். கார் டேஷ்போர்டுல எரியுற மஞ்சள் என்ஜின் லைட்டை ஸ்கேனர் வச்சு அணைக்கிறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லைங்க. காய்ச்சல்காரனோட தெர்மாமீட்டரை ஒடைச்சுப் போட்டுட்டு "சரியாப் போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்ற வேலை அது. இந்த வேலைக்குக் காசு வாங்கறாங்க, பில் போடறாங்க, சில எடத்துல ஏசி ரூம்ல உக்காரவச்சு டீயும் குடுக்கறாங்க. நம்ம ஆளுங்களும் லைட் போயிடுச்சேன்னு சந்தோஷமா வண்டியை எடுத்துட்டு வர்றாங்க. மூணாவது நாள் மறுபடியும் எரியுது. அதைப் பத்திதான் இன்னிக்குச் சண்டை.

நானும் பொட்டி தட்டுற பயதான். சொந்த ஊரு கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு ஏற்ற வழியில, கோமுகி அணைக்குப் பக்கத்துல இருக்கு. என்கிட்ட இருக்கறது சென்னையில ரெஜிஸ்டர் ஆன 2014 மாடல் பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா இது ஒரு கம்பெனியோட முடியுற சமாச்சாரம் இல்ல.

அந்த லைட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் இதுல இருக்கற பித்தலாட்டம் புரியும். வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. காத்து எவ்வளவு போகுது, பெட்ரோல் எவ்வளவு போகுது, சைலன்சர் பக்கம் எவ்வளவு ஆக்சிஜன் வெளிய வருதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். ஏதாவது கணக்கு ஒதைச்சா ஒடனே கத்தாது. நிறைய குறைகளுக்கு, அடுத்தடுத்து ரெண்டு தடவை ஓட்டும்போது அதே குறை வந்தாத்தான் லைட்டைப் போடும். போடும்போது ஒரு கோடும், அந்த நேரத்துல என்ஜின் எத்தனை ஆர்பிஎம்ல இருந்துச்சு, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடுங்கற விவரமும் சேத்து எழுதி வச்சுக்கும். பேரு ஃப்ரீஸ் ஃப்ரேம். நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைல்.

இப்ப ஸ்கேனர்ல "கிளியர்" பட்டனை அமுக்கினா என்ன ஆகுது? லைட் அணையுது, கோடு போகுது, ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகுது. புரொடக்ஷன்ல பக் வந்தா லாகை டெலீட் பண்ணிட்டு டிக்கெட்டை குளோஸ் பண்ற ஆளை நம்ம டீம்ல வச்சுப்போமா? வண்டியில மட்டும் அவருக்கு ஏன் முந்நூறு ரூபா குடுக்கறோம்?

என் வண்டியில வந்த கோடு பி0171. கலவையில காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். கவனிங்க, அந்தக் கோடு எந்தப் பார்ட் பேரையும் சொல்லல. நெலமையைத்தான் சொல்லுது. ஒரு சர்வீஸ் சென்டர்ல மொத தடவை அழிச்சு அனுப்பினாங்க. ரெண்டாவது தடவையும் அழிச்சாங்க. மூணாவது தடவை "ஆக்சிஜன் சென்சார் மாத்தணும் சார்"னு பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினாங்க. என்ன டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்கன்னு கேட்டேன். "ஸ்கேனர்லயே வருது சார்"னாங்க. ஸ்கேனர்ல அப்படி வராதுங்க. காத்து ஜாஸ்தின்னு சேதி சொன்ன சென்சாரையே குத்தவாளியாக்கறது, திருடன் வந்துட்டான்னு கத்துன வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்குற மாதிரி. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஊர்ல மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். கரும்பு சீசன்ல டிராக்டர், மத்த நேரத்துல கையில கெடைக்கற எல்லாமும் பாப்பார். என்கிட்ட ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் இருந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து ஃப்யூவல் டிரிம் பாத்தோம். அதாவது, வழக்கத்தை விட எவ்வளவு பெட்ரோல் சேத்து ஊத்தி கம்ப்யூட்டர் சமாளிக்குதுங்கற கணக்கு. ஐடிலிங்ல இருபது சதவீதத்துக்கு மேல. ஆக்ஸிலரேட்டர் குடுத்து 2500 ஆர்பிஎம் வச்சா ஆறு. "தம்பி, பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா லோடு ஏத்த ஏத்த மோசமாகணும். இது உல்டாவா இருக்கு பாரு. எங்கியோ காத்து உறிஞ்சுது"ன்னார். என் வண்டியில உள்ள போற காத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கு. அதைத் தாண்டி ஓட்டை விழுந்தா அளக்காத காத்து உள்ள போகும். ஐடிலிங்ல மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால ஓட்டை பெருசாத் தெரியும். ஆர்பிஎம் ஏறினா மொத்தக் காத்துல அது கரைஞ்சிடும். அண்ணன் ஒவ்வொரு ஹோஸா இடுக்கியால அமுக்கிப் பாத்தார். ஒண்ணை அமுக்கினதும் என்ஜின் சத்தமே மாறிப்போச்சு. அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. ஹோஸ் வெலை நானூத்தி எண்பது ரூபா. அப்புறம் லைட் வரல.

"அதான் சரியாச்சே, அப்புறம் என்ன சண்டை?"ன்னு கேப்பீங்க. என் வண்டி சரியாச்சு. ஆனா அழிச்சு அனுப்பற பழக்கம் ஏன் இவ்வளவு நல்லா ஓடுதுன்னு யோசிச்சேன். லைட் அணைஞ்சிருக்கறதுல இங்க எல்லாருக்கும் லாபம் இருக்கு. குறையைக் கண்டுபிடிக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல.

மொத ஆளு, செகண்ட் ஹேண்ட் புரோக்கர். வாங்கறவங்க வர்ற அன்னிக்குக் காலையில ஸ்கேனரை சொருகி அழிச்சுட்டாப் போதும். ரெண்டு ஓட்டத்துக்கு அப்புறம்தான் லைட் வரும், டெஸ்ட் டிரைவோ நாலு கிலோமீட்டர். நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் கார்ங்கறது நிறைய வீடுகளுக்கு மொதல் கார். கரும்புப் பணம், மரவள்ளிப் பணம், நகைக் கடன்னு சேத்து வாங்கினது. ராத்திரி வெள்ளிமலை மேல யாருக்காவது ஒடம்பு முடியலைன்னா கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு எறங்கறதுக்கும் அந்த வண்டிதான். கொண்டை ஊசி வளைவுல மிஸ்ஃபயர் ஆகி, லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய்ச் சூடாகி அதையே காலி பண்ணிடும். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அந்த லைட் சொல்லிப் பாத்திருக்கும். எவனோ அதோட வாயைக் கட்டிட்டான்.

ரெண்டாவது ஆளு, அரசாங்கம். மேல சொன்ன ஓட்டை ஹோஸோட, லைட் பளபளன்னு எரிஞ்சிட்டு இருக்கும்போதே என் வண்டி மாசுச் சான்று டெஸ்ட்ல பாஸ்! பெட்ரோல் வண்டிக்கு அதுல முக்கியமா பாக்கறது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். என் ரக வண்டிக்கு ஐடிலிங்ல 0.3 சதவீதம், 200 பிபிஎம் வரைக்கும் ஓகே. காத்து ஜாஸ்தியான கலவையில கார்பன் மோனாக்சைடு இயல்பாவே கம்மியாத்தான் வரும். நைட்ரஜன் ஆக்சைடை அந்த டெஸ்ட்ல அளக்கறதே இல்ல. இத்தனைக்கும் 2013 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்-4 கார்கள்ல ஓபிடி-2 கட்டாயம்னு சட்டம் போட்டது இதே அரசாங்கம்தான். வண்டிக்குள்ள ஒரு வாட்ச்மேனை வைன்னு சட்டம் போட்டுட்டு, வருஷா வருஷம் வந்து வாட்ச்மேனை எதுவும் கேக்காம கேட்டை மட்டும் பாத்துட்டுப் போறதுல என்னங்க அர்த்தம்?

வெளியூர்ல இப்படி இல்ல. பிரிட்டன்ல 2003 ஜூலைக்கு அப்புறம் ரோட்டுக்கு வந்த பெட்ரோல் கார்ல இந்த லைட் எரிஞ்சா வருஷாந்திர எம்ஓடி டெஸ்ட்ல ஃபெயில். அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லாக் கார்லயும் ஒரே மாதிரி சாக்கெட். பல மாநிலங்கள்ல டெஸ்ட்டுக்குப் போனா அதுல சொருகித்தான் பாக்கறாங்க. நேத்து ராத்திரி அழிச்சுட்டுப் போனாலும் மாட்டிக்குவீங்க. அழிச்சா கம்ப்யூட்டரோட சுய சோதனைகள் எல்லாம் "இன்னும் முடியல"ன்னு காட்டும். ஓட்டிட்டு வாய்யான்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

மூணாவது ஆளு, கார் கம்பெனி. இதுக்குத்தான் எனக்குக் கோவம் ஜாஸ்தி. எங்க ஊர் அண்ணன் பி0171ஐப் படிச்சது, அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுங்கறதால. கம்பெனியோட சொந்தக் கோடா இருந்தா? ஏபிஎஸ், ஏர்பேக்னு வேற பெட்டியில குறை இருந்தா? கம்பெனி ஸ்கேனர் வேணும், வயரிங் படம் வேணும், எந்த ஒயர்ல எத்தனை வோல்ட் வரணும்னு தெரியணும். அதெல்லாம் அவர் கைக்கு வராது. தெரியாத எடத்துல மனுஷன் என்ன பண்ணுவார்? அழிச்சுத்தான் விடுவார். குத்தம் அவர்மேல இல்ல.

இதை நான் மட்டும் சொல்லல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்னிக்கு 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. மாருதி சுசூகி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டான்னு பெரிய தலைங்க எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு. ஷம்ஷேர் கட்டாரியாங்கற ஒரு தனி மனுஷன் 2011ல போட்ட புகார்ல ஆரம்பிச்ச கேஸ் அது. ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கெடைக்காமப் பண்றாங்கங்கறதுதான் விஷயம். அறிவுசார் சொத்துன்னு கம்பெனிகள் சொன்ன வாதத்தை ஆணையம் ஏத்துக்கல. பார்ட்ஸும் கருவியும் வெளியில கெடைக்கணும், வெளிய ரிப்பேர் பண்ணினாங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னும் சொல்லிச்சு. கம்பெனிகள் அப்பீலுக்கும் கோர்ட்டுக்கும் போனாங்க. 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூணு கம்பெனிகளோட அப்பீல்ல தப்பு தப்புதான்னு சொல்லிட்டு அபராதத்தை மட்டும் கொறைச்சுது. 2022 டிசம்பர் 24ல மத்திய அரசு "ரிப்பேர் உரிமை"ன்னு ஒரு போர்ட்டலும் தொடங்கிச்சு. அதுல கார்களுக்கும் ஒரு பிரிவு இருக்கு. சந்தோஷம். ஆனா எங்க அண்ணனுக்கு வேண்டிய வயரிங் படம் இன்னும் அவர் பட்டறைக்கு வந்து சேரல.

இதுக்கு வழக்கமா வர்ற பதில்கள் தெரியும்.

"கண்டவன் எல்லாம் நோண்டினா ஆபத்து." நோண்டத்தான் போறாங்க. கள்ளக்குறிச்சி 2019ல தனி மாவட்டமே ஆயிடுச்சு, ஆனா மலையில நின்னு போன வண்டிக்குப் பக்கத்துல இருக்கறது இன்னிக்கும் அடிவாரத்துப் பட்டறைதான். வெவரத்தோட நோண்டறது ஆபத்தா, வெவரம் இல்லாம நோண்டறது ஆபத்தா?

"பழைய வண்டியில இந்த லைட்டே இல்ல, நல்லாத்தானே ஓடிச்சு?" ஓடிச்சு. குறையும் இருந்துச்சு, சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.

"நான் ஆன்லைன்ல ஸ்கேனர் வாங்கி நானே அழிச்சுக்கறேன்." இது நம்ம பொட்டி தட்டுற சங்கத்து ஆளுங்க பெருமையாச் சொல்றது. தலைவா, நீங்களும் அதே கிளியர் பட்டனைத்தான் அமுக்கறீங்க, ஓசியில அமுக்கறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அந்த ஸ்கேனரை உருப்படியா உபயோகிக்க வழி இருக்கு. செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போறவங்க குறிச்சுக்குங்க. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாம வச்சாலே என்ஜின் லைட் எரியணும். எரியலைன்னா பல்பைப் புடுங்கியிருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஸ்கேனரைச் சொருகுங்க. சுய சோதனைகள் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. "கோடு அழிச்சதுக்கு அப்புறம் ஓடின தூரம்"னு ஒரு கணக்கு நிறைய வண்டியில இருக்கும். அது ஏழு கிலோமீட்டர்னு காட்டினா, "இன்னிக்குக் காலையில எதை அண்ணே அழிச்சீங்க?"ன்னு புரோக்கர் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. பதில் சொல்லத் திணறினா கெளம்பி வந்துடுங்க. சர்வீஸுக்கு விட்டாலும், அழிக்கறதுக்கு முன்னாடி கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக் குடுங்கன்னு சொல்லுங்க. பார்ட் மாத்தணும்னா எந்த டெஸ்ட்ல அது கெட்டதுன்னு தெரிஞ்சுதுன்னு எழுதிக் கேளுங்க. சிவப்புல ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ வந்தா மட்டும் கேள்வி கேக்காம வண்டியை ஓரங்கட்டி என்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. அது வேற கதை.

அரசாங்கத்துக்கிட்டக் கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. ஓபிடி சாக்கெட் இருக்கற வண்டிக்கு மாசுச் சான்று தரும்போது அந்தச் சாக்கெட்ல சொருகிப் பாக்கணும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருக்கற வயரிங் படமும் டெஸ்ட் முறையும், நியாயமான காசுக்கு, கச்சிராயபாளையத்துல இருக்கற பட்டறைக்கும் கெடைக்கணும். மொதலாவதை மட்டும் செஞ்சு ரெண்டாவதை விட்டுட்டா, பழைய வண்டி வச்சிருக்கற ஏழைபாழைங்கதான் மாட்டிக்கிட்டு முழிப்பாங்க. அதனால ரெண்டும் சேந்தே வரணும்.

மாற்றுக் கருத்து இருந்தா வாங்க, பின்னூட்டத்துல வச்சுப்போம் கச்சேரியை. சர்வீஸ் சென்டர்ல வேலை பாக்கற அன்பர்கள் யாராவது இருந்தா கண்டிப்பா வாங்க. அழிச்சு அனுப்பச் சொல்லி உங்களுக்கு யார் சொல்றாங்கன்னு கேக்கணும்.