படகு வீடும் கரை வீடும்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கரீபியன் தீவுகளைச் சுற்றி வருவோரைப் பற்றிப் படிக்கையில், "இதுவன்றோ சுதந்திரம்!" என வியக்கிறோம். குடிநீரைக் குவளைக் கணக்கில் செலவிட்டு, சிறிய அறைக்குள் அளவோடு வாழும் அவர்கள் பாராட்டுக்குரியவர்களே.

ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். படகினர் பலர் நங்கூரத்தைத் தூக்கித் தெற்கே டிரினிடாடுக்குச் சென்றுவிடுவர். கரையில் வீடு கட்டியோர் எங்கே செல்வர்? 2024 ஜூலை 1ஆம் நாள் 'பெரில்' சூறாவளி கரியாக்கூ தீவைத் தாக்கியபோது, அங்கே பெரும்பாலான வீடுகள் சேதமுற்றன.

எனவே தீவினரின் கடையில் பொருள் வாங்குவதும், பவளப்பாறையில் நங்கூரம் இடாதிருப்பதும், புயலுக்குப் பின் திரும்பி வந்து கைகொடுப்பதும் படகினரின் கடமை. விலகிச் செல்ல வல்லவருக்கே பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து.