வேகத்துக்கு ஒரு கடிவாளம்

வீட்டில் புதுக் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், "அம்மா, இந்த வண்டி எட்டே விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும்!" என்று பிள்ளையாண்டான் குதிப்பான். சகோதரிகளே, அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தொடட்டும் அப்பா, சொன்ன இடத்தில் நிற்குமா?"

பிரேக் வேகத்தை மாயமாய் மறைத்து விடுவதில்லை, உஷ்ணமாக மாற்றுகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால், அந்த உஷ்ணத்தில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! வேகம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்கு. உஷ்ணம் எல்லை மீறினால், காலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்புக் குறைந்து போகும்.

டிரம் பிரேக் மூடி போட்ட பாத்திரம் மாதிரி. உஷ்ணம் உள்ளேயே தங்கும். டிஸ்க் பிரேக்கோ காற்றுப் பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். பிரான்ஸில் 24 மணி நேரம் நடக்கும் லெமான்ஸ் பந்தயத்தில், 1953-ல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் ஜெயித்து இதன் பெருமையை ஊரறியச் செய்தது. ஆகையால் வேகமான வண்டி என்றால் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருக்கட்டும். முன் சக்கர டிஸ்க்குகள் நடுவே காற்றோடும் இடைவெளி உள்ளவையாக இருப்பது அவசியம்.

அதற்காகப் பந்தயக் கார்களின் பிரேக் பேட்டை வாங்கி மாட்ட வேண்டாம். அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அதற்குச் சூடேற அவகாசம் ஏது? பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. டயர் வழுக்கையாகி விட்டால் எந்த பிரேக்கும் கை கொடுக்காது.

கியர் விஷயத்துக்கு வருவோம். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேடிக் கண் சிமிட்டும் நேரத்தில் கியர் மாற்றும்; நெடுஞ்சாலையில் பரமானந்தம். ஆனால் எண்ணெயில் ஊறாத உலர்ந்த கிளட்ச் உள்ள ரகம், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடாகிவிடும். தினமும் நெரிசலில் போகிறவர்களுக்கு, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ரகமே சௌகரியம்.

கியரும் ஒரு பிரேக்தான் என்பதை மலைப்பாதை சொல்லித் தரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகித் தளர்ந்துவிடும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேடிக் வாங்கினாலும், சிறிய கியரைக் கையால் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிரேக்கையும் கியரையும் நீங்கள் கேளுங்கள். வண்டி ஓட்டுவது அவனாக இருக்கலாம். அவன் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தானே!