ஜெனரேட்டர் வாங்கப் போறீங்களா? ‘எத்தனை கேவிஏ’ அப்புறம்; ‘எங்கே வைப்பது’ முதலில்!

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “சின்னதா ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடலாமா?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என இரண்டு புயல்களின்போதும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா வீசியபோது, டெல்டாவின் பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

ஆனால் கடைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் கேவிஏ, விலை, வாரன்ட்டி என்றே போகிறது. ‘இதை எங்கே வைத்து ஓட்டப் போகிறீர்கள்?’ என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். காரணம், அது உயிர் சம்பந்தப்பட்டது.

பால்கனியில் வைத்தால் என்ன ஆகும்?

பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு விஷயம் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

அமெரிக்காவில் சூறாவளிக்குப் பிந்தைய நாள்களில் இப்படி உயிரிழப்பவர்கள் உண்டு. அதனால்தான் ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில் வைக்கச் சொல்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். பால்கனி, யூட்டிலிட்டி ஏரியா, மாடிப்படிக்குக் கீழே, மூடிய கார் பார்க்கிங் எதுவுமே இதில் தேறாது. ‘ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டா போதும்’ என்பதும் தவறு. மெஷின் மழையில் நனையவும் கூடாது. எனவே மேலே கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம் உள்ள திறந்த இடம் தேவை.

அப்படி ஓர் இடம் இல்லையா? உங்களுக்கான பதில் ஜெனரேட்டர் இல்லை. அவ்வளவுதான்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட் அவர் இருக்கும். இழப்பெல்லாம் போக கையில் 1,300 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சாதா ஃபேன், நாலு எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டர் சேர்ந்து சுமார் 275 வாட் இழுக்கும். நாலரை மணி நேரம் தாங்கும். அதே ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒன்பது மணி நேரம். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுவது புத்திசாலித்தனம்.

நாள்கணக்கில் கரன்ட் போனால் இது போதாது, உண்மைதான். அதற்கு அசோசியேஷன் மூலம் பொதுவாக ஒரு ஜெனரேட்டர்தான் சரி. லிஃப்ட், மோட்டாருக்கு ஏற்கெனவே இருந்தால், வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு லைட் இணைப்பு தர முடியுமா என்று மீட்டிங்கில் கேளுங்கள். மெஷினும் அதன் பேனல் போர்டும் வெள்ளம் தொடாத உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தனி வீடு, இடம் இருக்கிறது. எந்த அளவு வாங்குவது?

கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் தோராயமாகக் கிலோவாட் கிடைக்கும். 2 கேவிஏ என்றால் 1.6 கிலோவாட், அதாவது 1,600 வாட். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட்தான். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், ரவுட்டருக்கு 2 கேவிஏ பெரும்பாலும் போதும். 1 ஹெச்பி மோட்டாரும் ஓட வேண்டுமென்றால் 3 கேவிஏவுக்கு மேல் போக வேண்டியிருக்கும். எலக்ட்ரீஷியனிடம் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் லோடைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஏசியை மறந்துவிடுங்கள். லேப்டாப் வேலை உள்ளவர்களுக்கு ‘இன்வெர்ட்டர் வகை’ ஜெனரேட்டர் நல்லது. விலை அதிகம், ஆனால் கரன்ட் சீராக வரும், சத்தமும் குறைவு.

இந்த அளவு மெஷின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கலாம். நாள் முழுக்க ஓட்டினால் கட்டுப்படியாகாது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, டேங்க் நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, இன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். இரவு இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

சுவர் பிளக்கில் செருகாதீர்கள்

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகி மொத்த வீட்டையும் ஓட்டும் ‘ஐடியா’ சில வீடுகளில் உண்டு. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும்; டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11 ஆயிரம் வோல்ட் வரை ஆகலாம். லைன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று நம்பி மழையில் கம்பம் ஏறும் லைன்மேன்தான் அதற்குப் பலியாவார். நமக்குக் கரன்ட் கொடுக்க வந்தவரை நாமே கொல்வது போன்றது இது. சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடாமல் வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது.

இதையெல்லாம் பில் போடும்போதே சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவர்களுக்கும் உண்டு. கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தையும் கூடவே பரிந்துரைக்கலாம். அவர்கள் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். வாங்கியபின் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், மெஷின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு அவசரமாக ஓடிப் போய் வாங்கும்போது, இடம் பார்க்கவோ ஒயரிங் பார்க்கவோ யாருக்கும் நேரம் இருக்காது. அந்த வேலையை வெயில் அடிக்கும்போதே முடித்துவிடுங்கள்.