டியூப்பில் சாப்பிடுபவருக்குப் பல் எதற்குத் தேய்க்க வேண்டும்?



மூக்கில் டியூப் போட்டு, அதன் வழியாகவே கஞ்சியும் பாலும் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பல் தேய்த்துவிட வேண்டுமா?

"வாய் வழியா ஒண்ணுமே சாப்பிடலையே, அப்புறம் எதுக்கு?" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் பதில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலைமை நேர் எதிர். மென்று சாப்பிடும்போது எச்சில் நன்றாகச் சுரந்து, வாய் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. மெல்லுவது நின்றுவிட்டால் வாய் வறண்டு, நாக்கில் வெள்ளையாகப் படிந்து, கிருமிகள் பெருகுகின்றன. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தியும் குறைந்திருக்கும். தூக்கத்தில் கிருமி கலந்த எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சில நாளில் காய்ச்சல், கோழை, மூச்சிரைப்பு. டாக்டர் நிமோனியா என்கிறார். நாமோ "ஃபேன் காத்து ஒத்துக்கல", "யார் இளநீர் கொடுத்தது?" என்று காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதை இரண்டு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்களே பல் தேய்த்துவிட்டார்கள். இன்னொரு பிரிவை வழக்கப்படி விட்டுவிட்டார்கள். முடிவு 1999ல் 'லான்செட்' இதழில் வந்தது. வழக்கப்படி இருந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா. தேய்த்துவிடப்பட்டவர்களில் 11 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் வாயைச் சுத்தம் செய்ததில் பலன் தெரிந்தது. ஆஸ்பத்திரிகளில் நடந்த 15 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2023 கடைசியில் வெளியான இன்னொரு ஆய்வும் இதையே சொன்னது. தினமும் பல் தேய்த்துவிட்டால் ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது; வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் ஊசியின் விலையோடு ஒரு டூத் பிரஷ்ஷின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்!

எப்படிச் செய்வது? குழந்தைகளுக்கான சின்ன, மிருதுவான பிரஷ் போதும். பேஸ்ட் மிகக் கொஞ்சம். படுக்கையின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள். முடியாவிட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைக்க முயல வேண்டாம், ஆபத்து. பிழிந்த ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு உதட்டில் கொஞ்சம் வாசலின். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள். 85 வயதைத் தாண்டிய ஜப்பானிய முதியவர்களிடம் 2015ல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் இரண்டு மடங்கு இருந்தது.

அடுத்தது முதுகு, அதாவது படுக்கைப் புண். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் ஸ்பிரிட்டும் பவுடர் டப்பாவும் கட்டாயம் இருக்கும். முதுகு சிவந்தால் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் தேய், மேலே பவுடர் கொட்டு என்பது காலங்காலமாக நடப்பது. நர்சிங் பள்ளிகளிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பிரிட் தோலை வறளவைக்கிறது. சிவந்த இடத்துக்கு அடியில் சதை ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் இன்னும் கெடும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி மடிப்புகளில் உறுத்தும். காற்றடித்த ரப்பர் வளையம் வாங்கி இடுப்புக்கு அடியில் வைக்கிறோமே, அதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள். நடுவில் விட்ட அழுத்தம் முழுவதும் விளிம்பில் போய் உட்கார்ந்து, சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் முதியோர் வார்டுகளில் படுக்கைப் புண்ணைப் பற்றி ஆராய்ந்தார். 1962ல் வந்த அவருடைய அறிக்கை சொன்னது இதுதான்: தோல் மேல் எதைத் தடவுகிறோம் என்பதைவிட, அந்த இடத்தின் மேல் இருக்கும் பாரத்தை எடுக்கிறோமா என்பதே முக்கியம். அதாவது, திருப்பிப் படுக்க வைப்பது.

எத்தனை மணிக்கு ஒருமுறை? 2 மணி நேரம் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஆனால் அமெரிக்கா, கனடா இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களுக்கு 2 மணி, 3 மணி, 4 மணி மூன்றிலும் படுக்கைப் புண் வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ராத்திரி முழுவதும் அலாரம் வைத்து எழுந்துகொண்டிருக்கும் மகள்களும் மருமகள்களும் இதை ஒருமுறை சிஸ்டரிடமோ டாக்டரிடமோ கேட்டுப்பாருங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கும் மெத்தைக்கும் ஏற்ப அவர்கள் இடைவெளியை முடிவு செய்வார்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனி திருப்பவே வேண்டாம் என்று நினைப்பதுதான் தப்பு.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. புத்தகங்களில் 'சிவந்தால் கவனி' என்றிருக்கும். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா, நிறம் இன்னும் கறுத்திருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா? இவைதான் நமக்கான அடையாளங்கள். வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால், பின்னந்தலை இவற்றை உடம்பு துடைத்துவிடும்போது தினமும் பாருங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தாலே பாதிக் கவலை போகும்.

துடைக்கும் தண்ணீர் பேசினையும் சும்மா விடக்கூடாது. அமெரிக்கா, கனடாவில் 88 ஆஸ்பத்திரிகளிலிருந்து 1,103 பேசின்களை எடுத்துச் சோதித்ததில், 62 சதவீதத்தில் கிருமிகள் இருந்தன. சுத்தம் செய்கிற பாத்திரமே இப்படி! துடைத்து முடித்ததும் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வையுங்கள். முகத்தில் தொடங்கி, அந்தரங்க இடங்களைக் கடைசியில். யூரின் டியூப் இருந்தால் அதைச் சுற்றிச் சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். வீல்சேரில் போகும்போது யூரின் பையை நோயாளியின் மடியில் வைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது.

சரி, இதெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்ய மாட்டாரா என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியவர்தான். ஆனால் வேலை நெருக்கும்போது எது முதலில் விடுபடும்? அமெரிக்க ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் 2006ல் இதைத்தான் வார்டு நர்ஸ்களிடம் கேட்டார். திருப்பிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது, உடல் சுத்தம், ஆறுதல் பேச்சு இவையெல்லாம் விடுபடுகிறவற்றின் பட்டியலில் இருந்தன. ஊசியும் மாத்திரையும் சார்ட்டில் இருக்கும், கேள்வி வரும். பல் தேய்க்காததற்கு யார் மெமோ கொடுக்கப்போகிறார்கள்? நம் ஊர் வார்டில் ஒரே சிஸ்டர் எத்தனை பெட்டுக்கு ஓடுகிறார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. ஊசி போட்டால் நர்ஸ், உடம்பு துடைத்தால் ஆயா என்று நாமே தரம் பிரித்துவிட்டோம். வீட்டுக்கு ஹோம் நர்ஸ் தேடும்போது, "படுக்கைப் புண் வராம பார்த்துக்கத் தெரியுமா?" என்று கேட்பவர் குறைவு, "கூடவே சமையலும் செய்வாங்களா?" என்று கேட்பவர் அதிகம். வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது 1946ல். இத்தனை வருடமாகப் பட்டம் படித்துவிட்டு வருகிறவர்களிடம், "ஏன் சிஸ்டர் இப்படிச் செய்றீங்க, வேற வழி இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்கத்தான் நாம் தயங்குகிறோம். மரியாதையாகக் கேட்டுப்பாருங்கள், நின்று விளக்குகிறவர்கள் நிறையப் பேர்.

நோயாளியிடமும் கேளுங்கள். "துடைச்சு விடவாப்பா?" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தி வைத்தால் முரண்டு பிடிக்கும் பெரியவர்கள்கூடப் பாதி அடங்கிவிடுகிறார்கள். சொல்லாமல் போர்வையை இழுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையில் ஃபிளாஸ்க், சார்ஜர், பெட்ஷீட் எடுத்து வைக்கிறோம். ஒரு சின்ன பிரஷ்ஷும், மூடி போட்ட பல்செட் டப்பாவும், ஒரு தலையணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண் வாசகர்களிடம் தனியாக ஒன்று. படுத்திருப்பவரைத் தனி ஆளாகத் திருப்பினால் இழுபடுவது அவருடைய தோல். பிடித்துக்கொள்வது உங்கள் மனைவியின் இடுப்பு. குறுக்கே மடித்துப் போட்ட பெட்ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் சுலபமாகத் திருப்பிவிடலாம். ராத்திரி பத்து மணி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்