முதியோர் தவறி விழுவதைத் தடுக்க வீடியோ விளையாட்டு உதவுமா?

முதியவர் ஒருவர் வீட்டில் தவறி விழுந்தால் அதனை வயதின் இயல்பான விளைவு என்று எடுத்துக்கொள்ளும் போக்கே எமது சமூகத்தில் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு இவ்விடயத்தை வேறு விதமாகப் பார்க்க வைக்கின்றது. விழுந்து காயமடைவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களினால் ஏற்படும் மரணங்களில் வீதி விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. இம்மரணங்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலேயே நிகழ்கின்றன. இறந்தோரில் பெரும்பங்கினர் 60 வயதைக் கடந்தவர்கள்.

உயிர் தப்பியோரின் நிலையும் இலேசானதல்ல. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் பழையபடி நடமாடுவதில்லை. எலும்பு முறியாதவரைக்கூட மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் நாற்காலியோடு கட்டிப்போட்டு விடுகின்றது. நடமாட்டம் குறையக் குறையக் கால்கள் வலுவிழக்கின்றன. கால்கள் வலுவிழந்தவர் அடுத்த தடவை மேலும் எளிதாக விழுகின்றார்.

இந்தச் சுழலை உடைக்க வீடியோ விளையாட்டு உதவும் என்று அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்துள்ள ஆய்வொன்று கூறுகின்றது. சிட்னியிலுள்ள நரம்பியல் ஆய்வு நிறுவனமொன்றில் டெய்னா ஸ்டர்னீக்ஸ், ஸ்டீபன் லோர்ட் ஆகியோரும் அவர்களது சகாக்களும் நடத்திய இவ்வாய்வின் பெறுபேறுகள் 2024 ஆம் ஆண்டில் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் வெளியாகின. தமது சொந்த வீடுகளில் வாழும் 65 வயதும் அதற்கு மேற்பட்டோருமான 769 பேர் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். முதற் பிரிவினர், திரையில் தோன்றும் சைகைக்கேற்பத் தரையில் விரிக்கப்பட்ட உணர்விப் பாயின் மீது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விரைந்து அடியெடுத்து வைத்து விளையாடினர். இரண்டாம் பிரிவினர் நாற்காலியில் அமர்ந்தபடி கைகளால் விளையாடினர். மூன்றாம் பிரிவினருக்கு எந்த விளையாட்டும் வழங்கப்படவில்லை. பன்னிரண்டு மாத முடிவில், அடியெடுத்து வைத்து விளையாடியோர் விழுந்த வீதம் விளையாடாதோரைவிட 26 சதவீதம் குறைவாக இருந்தது.

அமர்ந்து விளையாடியவர்களிடம் அத்தகைய பயன் நிறுவப்படவில்லை. எமது பார்வையில் இந்த ஆய்வின் உயிர்நாடி இதுவேயாகும். கால் இடறும்போது ஒருவரைக் காப்பாற்றுவது, சரியான திசையில் உரிய கணத்தில் வைக்கப்படும் ஓரடி. அந்த ஓரடிக்குக் காலின் வலு மட்டும் போதாது. எங்கே கால் வைப்பது என்று நொடிப்பொழுதில் தீர்மானிக்கும் கவனமும் வேண்டும். பாயின் மீது ஆடப்படும் விளையாட்டு இவ்விரண்டையும் ஒருங்கே பழக்குகின்றது.

திரை விளையாட்டுகள் முதியோரிடம் சென்றது இது முதற் தடவையல்ல. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 2006 இல் 'வீ' கருவியை வெளியிட்டதை அடுத்து, அமெரிக்க முதியோர் இல்லங்களில் திரையில் பந்து உருட்டும் போட்டிகள் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. மறு ஆண்டில் சமநிலைப் பலகையும் வந்தது. மகிழ்ச்சிக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும், பந்து உருட்டுவதற்குக் கையை வீசினால் போதும். பலகையின் மீதோ பாதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். அக்கால ஆய்வுகள் பலவும் சிறியவை. சமநிலைப் புள்ளிகளை அளந்த அளவுக்கு உண்மையில் எத்தனை பேர் விழுந்தனர் என்பதை அவை எண்ணவில்லை. அக்கருவிகளின் உற்பத்தியும் நின்று போயிற்று. உடலசைவைக் கமெராவினால் உணர்ந்த மைக்ரோசொப்டின் 'கினெக்ட்' கருவியும் 2017 இல் அதே கதியை அடைந்தது. கருவியை நம்பித் திட்டம் வகுத்த வைத்தியசாலைகளுக்கு எஞ்சியது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி பற்றிய 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, பயிற்சியினால் விழும் வீதம் 23 சதவீதம் குறைவதாகக் கண்டறிந்தது. அவற்றில் பெரும்பாலானவை திரையோ பாயோ இல்லாத சாதாரணப் பயிற்சிகள். வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது முற்றிலும் பொருந்தாது எனினும், கருவிக்கென்று தனி மந்திரசக்தி எதுவும் இல்லை என்பதை இது உணர்த்துகின்றது. கருவியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கின்றது. பயிற்றுநர் வீட்டுக்கு வராமலே பயிற்சி நடைபெறுகின்றது. புள்ளிகளும் ஏறிச்செல்லும் கடினமும் சலிப்பை விரட்டுகின்றன. வைத்தியர் சொன்ன பயிற்சியை இரண்டு வாரங்களில் கைவிடாதவர் எம்மில் எத்தனை பேர்?

இலங்கைக்கு இது தூரத்து விடயமல்ல. 1981 இல் மொத்தச் சனத்தொகையில் 6.6 சதவீதமாக இருந்த 60 வயதைக் கடந்தோர், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 12.4 சதவீதமாகினர். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, பெற்றோர் தனித்து வாழும் வீடுகளும் பெருகியுள்ளன. எமது வழக்கமோ, மூத்தவரை ஓரிடத்தில் அமர்த்தி, தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாமல் பணிவிடை செய்வதையே மரியாதையாகக் கருதுகின்றது. அன்பின் பெயரால் நாம் அவர்களைச் சிட்னி ஆய்வின் இரண்டாம் பிரிவில் சேர்த்துவிடுகின்றோம். அந்த விளையாட்டுகூட இல்லாமல்.

இதற்காக ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் திரையும் பாயும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஜப்பானில் உருவாக்கப்பட்ட சதுர அடிப் பயிற்சிக்கு ஒரு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் நீளமும் கொண்ட, 40 கட்டங்கள் கீறிய விரிப்பு ஒன்றே தேவை. முன்னே செல்பவர் காட்டும் அடி வரிசையை நினைவில் வைத்து மற்றவர்கள் கால் வைக்க வேண்டும். இம்முறை பற்றிய ஆய்வு சிறியதே. எனினும் விழுவதற்கு ஏதுவான உடற் குறைபாடுகளைச் சீர்செய்வதில் வெறும் நடைப்பயிற்சியைவிட இது மேலானதென அதில் காணப்பட்டது. சீமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கீறினாலும் கட்டம் கட்டமே.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசிய முதியோர் சபையும் செயலகமும் அமைக்கப்பட்டுள்ளன. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. அவற்றின் கூட்டங்களில் முதியோர் பெரும்பாலும் அமர்ந்தே இருக்கின்றனர். அந்த நேரத்தில் அரைமணியை இப்பயிற்சிக்கு ஒதுக்கலாம். சிட்னியில் பங்குபற்றியோர் சுயமாக நடமாடக்கூடியவர்கள் என்பதால், ஏற்கனவே விழுந்தவர்களையும் தலைச்சுற்று உள்ளவர்களையும் முதலில் இயன்மருத்துவர் ஒருவர் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். பற்றிக்கொள்ளச் சுவரோ கைபிடியோ அருகில் இருக்க வேண்டும்.