கிணறு அங்கே, அடுப்பு இங்கே

“டெல்டாவில் துளை போடாதே என்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்பு எதில் எரிகிறது?” நெடுவாசல் போராட்டக் காலத்திலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் வரும், அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையிலும் வரும். பெரும்பாலும் எதிராளியின் வாயை அடைக்கத்தான் இதைக் கேட்கிறார்கள். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி, கேட்கப்படும் ஆள்தான் தவறு. நெடுவாசல் விவசாயி பதில் சொல்ல வேண்டியதல்ல இது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கிற நாம் சொல்ல வேண்டியது.

பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2010 ஜூலையில், மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் உரிமை கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் கைக்குப் போனது. 2011 ஜனவரியில் அன்றைய திமுக அரசு அந்நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. நிலக்கரி அடுக்கில் மீத்தேனைப் பிடித்துவைத்திருப்பது அங்குள்ள நீரின் அழுத்தம். அந்த நீரை இறைத்துக் கொட்டினால்தான் வாயு மேலே வரும். அடுக்கு இறுகிக் கிடந்தால், மணலும் வேதிப்பொருளும் கலந்த நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பிளக்க வேண்டும். நீரியல் விரிசல் என்று அப்போது கூட்டம் கூட்டமாக விளக்கப்பட்டது இதுதான். கடலோரத்து மண்ணில் மாதக்கணக்காக நிலத்தடி நீரை இறைத்தால் உப்பு உள்ளே ஏறும் என்பதைப் புரிந்துகொள்ள அங்கே யாருக்கும் பட்டம் தேவைப்படவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தபோதும் அந்தப் பிரச்சாரத்தில்தான் இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது, 2015 அக்டோபரில் தடை வந்தது.

பிறகு வந்ததெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை அனுமதித்த 31 சிறு எண்ணெய், எரிவாயு வயல் ஒப்பந்தப் பகுதிகளில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. அந்த ஜூன் மாதக் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்தது, கேட்கப்போனவர்கள் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கிணறுகளுக்கு விலக்கு. அரியலூரும் கரூரும் திருச்சியும் மண்டலத்துக்கு வெளியே நின்றுவிட்டன. வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதை ராமநாதபுரம் காட்டியது. 2025இல் அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. செய்தி பரவி எதிர்ப்பு வந்த பிறகு, அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாமல் இப்படி அனுமதி கொடுக்க வழி செய்தது, நிலத்தில் போடும் சோதனைக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் மத்திய அரசு தந்த சலுகை.

இத்தனை ஆண்டு விவாதத்தில் கிணற்றடியைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. குழாயின் மறுமுனையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். எடுத்த வாயுவை வாங்குவது யார்?

“நாட்டின் தேவை” என்பார்கள். 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த ஹைட்ரோகார்பன் கொள்கையைப் பாருங்கள். எடுப்பவர் தன் விருப்பப்படி விலை வைக்கலாம், விருப்பப்பட்டவருக்கு விற்கலாம். சிறு வயல் ஏலத்திலும் அதே சுதந்திரம். அதாவது நிலம் கேட்கும்போது நாட்டின் பெயர், விற்கும்போது சந்தையின் பெயர். மன்னார்குடிக்கு வந்த நிறுவனம் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் எடுக்கும் மீத்தேனை அசன்சோல், துர்காபூர் பகுதி ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அது குற்றமல்ல, வியாபாரம். ஆனால் வியாபாரத்துக்காக ஒரு ஆயக்கட்டைக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்டிருந்தால் மன்னார்குடியில் பேச்சே வேறு மாதிரி நடந்திருக்கும்.

மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி பல பத்தாண்டுகளாக வழக்கமான முறையில் எடுத்துவரும் வாயு வேறு மாநிலத்துக்கு ஓடிவிடவில்லை. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் உள்ள மின்வாரிய நிலையங்கள் அதில் ஓடக் கட்டப்பட்டவை. இரண்டும் சேர்ந்து சுமார் 209 மெகாவாட். அந்த மின்சாரம் கலக்கும் கட்டமைப்பில்தான் நம் வீட்டு மின்விசிறியும் சுழல்கிறது. தண்ணீர் விஷயத்தில் கடன் இன்னும் நேரடியானது. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்து போரூர் வந்து சேர்கிறது. வீராணம் இருக்கும் காட்டுமன்னார்கோவில் வட்டாரம் வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது. டெல்டாவைக் காப்பது அங்குள்ளவர்களுக்கு நாம் செய்யும் உதவி என்று பேசும் நண்பர்கள், குடிக்கிற தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, டெல்டாவில் புதுக் கிணறு இல்லை. அப்படியானால் சென்னைக்கு வரும் எரிவாயு எங்கிருந்து? எண்ணூரிலிருந்து. காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் அமைத்த முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ எரிவாயுவை இறக்கும் திறன் அதற்கு உண்டு. சுழியத்துக்குக் கீழே 162 டிகிரி குளிரில் கப்பலில் வருவதை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் அதே ஆண்டு நாப்தாவை விட்டு இதற்கு மாறியது. சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் கொடுக்கும் உரிமம் டொரண்ட் கேஸ் நிறுவனத்திடம். சிஎன்ஜி ஆட்டோ இப்போது அதிசயமில்லை. குழாய் எரிவாயு விளம்பரங்கள் அடுக்ககங்களின் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டன.

இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. அதில் கத்தாருக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. லூசியானாவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க மத்தியப் பொதுத்துறை நிறுவனமான கெய்ல் 2011 டிசம்பரில் கையெழுத்திட்டது. 2018 மார்ச்சில் முதல் கப்பல் தாபோல் வந்தது. அமெரிக்காவில் எடுக்கப்படும் வாயுவில் பெரும்பகுதி, களிப்பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எடுப்பது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். மன்னார்குடியில் நாம் வேண்டாம் என்ற அதே முறை, அதைவிடப் பெரிய அளவில். நெடுவாசலை ஆதரித்துக் கையெழுத்துப் போட்ட தமிழ்நாடும் அந்த வாயுவை வாங்கும் நாட்டுக்குள்தான் இருக்கிறது.

பிரான்ஸ் இதை நமக்கு முன்பே செய்துகாட்டியது. 2011இல் தன் மண்ணில் நீரியல் விரிசலைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்நாட்டு எஞ்சி நிறுவனம் டெக்சாஸ் திட்டம் ஒன்றோடு நடத்திய பேச்சை, மீத்தேன் கசிவு பற்றிய கவலைகளுக்கிடையே, 2020இல் நிறுத்தியது. உக்ரைன் போர் வந்ததும் 2022 மே மாதத்தில் அதே திட்டத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தன் ஊரில் கூடாதது தொலைவில் நடந்தால் பரவாயில்லை என்ற கணக்கு பாரிசுக்கும் பொருந்தும், பாடிக்கும் பொருந்தும்.

இதனால் டெல்டாத் தடை போலி என்று ஆகிவிடாது. தடை சரிதான், அது இன்னும் விரிய வேண்டும் என்பதுதான் இந்த இதழின் நிலை. இருப்பதிலேயே வளமான நெல்வயலைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமையை நிலைநாட்ட, ஒருவன் முதலில் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது அபத்தம். நாம் சொல்வது வேறு. வாங்குபவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு, அதை நாம் இதுவரை ஏற்கவில்லை.

பொறுப்பு என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் லாபநட்டமாகவாவது பார்க்கட்டும். கெய்லுக்கு ரஷ்யாவின் காஸ்ப்ரோம் துணை நிறுவனம் ஒன்றோடு 20 ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. 2022இல் அந்தத் துணை நிறுவனம் ஜெர்மன் அரசின் கைக்குப் போனது. நமக்கு வர வேண்டிய கப்பல்கள் நின்றன. ஒப்பந்தத்திலிருந்த சிறு அபராதத்தைக் கட்டிவிட்டு வேறிடத்தில் விற்பது அவர்களுக்கு லாபம். இங்கே உர ஆலைகளுக்குக் கொடுப்பது குறைந்தது. அதே ஆண்டு விலையேற்றத்தில் குஜராத்தின் மோர்பி பீங்கான் ஓட்டு ஆலைகள் பல எரிவாயுவை விட்டுப் புரொப்பேனுக்கு ஓடின. அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படமும் வெப்பப் பதனமும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இன்று குழாய் எரிவாயு மலிவு, சுத்தம் என்று சொல்லப்படுகிறது. ஃபர்னஸ் ஆயிலின் கரும்புகையோடு ஒப்பிட்டால் சுத்தம்தான், அதில் சண்டையில்லை. ஆனால் உலையைக் குழாயோடு இணைக்கும் முதலாளி, ஐரோப்பாவின் குளிர்காலத்தோடும் அதை இணைக்கிறார் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். மின் உலைக்கு மாற முடிந்தவர்களுக்குக் கடனும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு நியாயமான கட்டணமும் கொடுப்பது அரசின் வேலை. குழாய்க்குக் காட்டுகிற சுறுசுறுப்பில் பாதி இதற்கும் காட்டலாம்.

நமக்குத் தெரிய வேண்டியவை மூன்றே. எண்ணூரில் இறங்கும் ஒவ்வொரு கப்பலும் எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த முறையில் எடுக்கப்பட்டது, இறங்கிய வாயுவை யார் யார் என்ன விலைக்கு வாங்கினார்கள். அரிசி மூட்டையில் விளைந்த ஊர் கேட்கிற நாம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இந்தியன் ஆயில் பொதுத்துறை நிறுவனம், தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்கள் ஆளுக்கொரு மனு போடுங்கள். எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதே கேள்விகளை விநியோக நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அனுப்பிவையுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். வணிக ரகசியம் என்று மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் அப்படியே அச்சிடுவோம்.